வாடகைக்கு வந்தவரின் வீடு

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து ஜரி தெரு வழியாகக் கிழக்கே நடந்தால், ரயில் பாதையைக் கடந்ததும் ஜரி பூங்கா வரும். பூங்காவின் வடக்கு ஓரமாகவே போய், சான்-லோரான் பெருந்தெருவைத் தாண்டி இன்னும் சில தெருக்கள் நடந்தால் து காஸ்பே அவென்யூ. இரண்டு பக்கமும் ஒன்றுபோல நிற்கும் வீடுகள். வெளிப்பக்கமாக ஏறும் இரும்புப் படிகள். படியோரம் பூட்டிவைத்த சைக்கிள்கள். 8232-ம் இலக்க வீடும் அந்த வரிசையில் ஒன்றுதான். சுவரில் பதித்த பலகை கண்ணில் படாவிட்டால் யாரும் அங்கே நின்று பார்க்கமாட்டார்கள்.

1946-ம் ஆண்டு பேஸ்போல் பருவத்தில் கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனும் அவர் மனைவி ரேச்சலும் அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். அமெரிக்கத் தூதரக அதிகாரிகள் 2011 பிப்ரவரியில் அந்தப் பலகையைத் திறந்துவைத்தார்கள். அது இன்றும் ஒரு தனியார் வீடு. எங்கள் நகரப் பிரிவின் முழுப்பெயர் வில்ரே–சான்-மிஷல்–பார்க்-எக்ஸ்டென்ஷன். வீடு இருக்கும் வில்ரேயும் அதில் அடக்கம். ஆகவே அந்த வீட்டின் கதை எங்கள் பிரிவின் சொந்தக் கதை. ஆனால் பார்க் எக்ஸில் உள்ள தமிழர்களில் அதை அறிந்தவர்கள் மிகச் சிலர்.

உரிமைக்காகப் போராடிய ஒருவர் குடியிருந்த வீட்டை என்ன செய்வது? வாங்கி, பழையபடி சீரமைத்து, அருங்காட்சியகமாகத் திறப்பதா? பலகையோடு விடுவதா? அந்த வீட்டைச் சுற்றி இன்று வாழும் சனத்துக்கு அதில் என்ன பங்கு? அமெரிக்கா, லண்டன், தென்னாபிரிக்கா, தமிழ்நாடு, யாழ்ப்பாணம் என்று பல இடங்களில் இந்தக் கேள்விக்குப் பல விதமாக விடை கண்டிருக்கிறார்கள். அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு வந்த ஒருவரை நினைவுகூரும் அருங்காட்சியகம், இன்று வாடகைக்கு இருப்பவர்களின் கையில் இருக்கவேண்டும். அவர்களில் ஒருவரைக்கூட வீட்டைவிட்டு எழுப்பாமல் அது அமையவேண்டும்.

1946: வீடு தேடிய கதை

ஜாக்கி ராபின்சன் 1919-ல் ஜோர்ஜியா மாநிலத்தில் பிறந்தார். இராணுவத்தில் அதிகாரியாக இருந்தபோது, 1944-ல், பேருந்தில் பின்னிருக்கைக்குப் போகச் சொன்ன சாரதியின் உத்தரவுக்கு மறுத்தார். அதற்காக இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, குற்றமற்றவர் என விடுதலையானார். அக்காலத்தில் அமெரிக்கப் பேஸ்போல் பெருங்குழுக்களில் கறுப்பர் எவரும் ஆட முடியாது. அந்தச் சுவரை உடைக்க புரூக்ளின் டொட்ஜர்ஸ் குழுவின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி முடிவெடுத்து, முதல் ஆண்டுக்கு ராபின்சனைத் தம் துணைக்குழுவான மொன்றியல் ரோயல்ஸுக்கு அனுப்பினார். 1945 அக்டோபர் 23 அன்று அந்த ஒப்பந்தம் மொன்றியலில் அறிவிக்கப்பட்டது.

1946 பிப்ரவரியில் ஜாக்கிக்கும் ரேச்சலுக்கும் திருமணம். உடனே பயிற்சிக்காக புளோரிடா பயணம். வழியில் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பேருந்தில் பின்னுக்குத் தள்ளினார்கள். சான்ஃபோர்ட் என்ற ஊரில் மிரட்டல் வந்து இரவோடிரவாக வெளியேற வேண்டியிருந்தது. மற்ற ஆட்டக்காரர்கள் ஹோட்டலில் தங்க, இவர்கள் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில் ஒதுங்கினார்கள். ஜாக்சன்வில் நகரில் ஆட்டம் நடக்கவே கூடாதென்று மைதானத்தின் வாயிலைப் பூட்டிவைத்தார்கள்.

அந்த அனுபவத்தோடு மொன்றியலுக்கு வந்தவர் ரேச்சல். தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். பிரெஞ்சு தெரியாது. கையில் முகவரிகளை வைத்துக்கொண்டு வீடு தேடிப் போனார். து காஸ்பேயில் கதவைத் திறந்த பெண் அவரை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார். தளபாடங்களோடு வீட்டை வாடகைக்குத் தரச் சம்மதித்தார். தம் பாத்திரங்களையும் படுக்கை விரிப்புகளையும் புழங்கிக்கொள்ளும்படி விட்டுப்போனார். அக்கம்பக்கத்துப் பெண்கள் பிள்ளைத்தாய்ச்சிக்கு உடுப்புத் தைக்க உதவினார்கள். போர்க்காலப் பங்கீடு இன்னும் முடியாத காலம்; தங்கள் இறைச்சிக் கூப்பன்களில் சிலவற்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தெருப்பிள்ளைகள் கடைச் சாமான்களைத் தூக்கிவந்து படியில் வைத்தார்கள். ரேச்சல் தம் வாழ்நாள் முழுதும் திரும்பத் திரும்ப நன்றியோடு சொன்ன விஷயங்கள் இவை.

அந்த ஆண்டு ராபின்சன் லீக்கிலேயே முதல்வராக .349 மட்டையடிச் சராசரி எடுத்தார். ஓட்ட வேகத்தால் 40 தளங்களைத் 'திருடினார்'. அக்டோபரில் லூயிவில் குழுவை வென்று ரோயல்ஸ் கிண்ணத்தைத் தூக்கியபோது, மொன்றியல் ரசிகர்கள் அவரை அணைக்கத் தெருவில் துரத்திக்கொண்டு ஓடினார்கள். மறு ஏப்ரலில் அவர் புரூக்ளினுக்காகக் களமிறங்கினார். அதன்பின் அவர் வாழ்க்கை விளையாட்டோடு நிற்கவில்லை. கறுப்பின மக்களின் உரிமைக்கான என்ஏஏசிபி அமைப்புக்காக நாடெங்கும் அலைந்து நிதி திரட்டினார். 1963-ல் வாஷிங்டன் பேரணியில் நடந்தார். 1964-ல் ஹார்லெம் பகுதியில் கறுப்பர்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கியொன்றை நிறுவ முன்னின்றார். 1972-ல் 53 வயதில் மறைந்தார்.

மூடிய கதவுகளும் சேர்ந்த வரலாறு

இந்தக் கதையை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் மொன்றியலுக்கு இனிக்கும். வரலாறு முழுமை பெறாது. 1936 ஜூலையில் பிரெட் கிறிஸ்டி என்ற கறுப்பினத்தவர் இதே நகரில் ஹொக்கி அரங்கத்தோடு ஒட்டியிருந்த யோர்க் மதுச்சாலைக்குப் போனார். கறுப்பர்களுக்குப் பரிமாறுவதில்லை என்று திருப்பியனுப்பினார்கள். அவர் வழக்குப் போட்டார். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போனது. யாருக்கு விற்பது என்பது வியாபாரியின் சுதந்திரம் என்று 1939-ல் தீர்ப்பு வந்தது. ராபின்சன் இங்கே கொண்டாடப்பட்ட அதே 1946 நவம்பரில் நோவா ஸ்கோஷியாவில் வயோலா டெஸ்மண்ட் வெள்ளையர் பகுதியில் அமர்ந்ததற்காகத் திரையரங்கிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டார். அவருக்கு மன்னிப்பு 2010-ல்தான் கிடைத்தது. பத்து டொலர் நோட்டில் அவர் முகம் 2018-ல்தான் வந்தது.

ஒரு பெண் கதவைத் திறந்தார் என்பது ஏன் எழுபது, எண்பது ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது? மற்றக் கதவுகள் மூடியிருந்ததால்தான். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாத நினைவு இல்லம் நகரத்துக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கும் இடமாகிவிடும்.

நினைவு இல்லமும் சமூக அருங்காட்சியகமும்

தமிழ்நாட்டில் நமக்குப் பழக்கமானது நினைவு இல்லம். திருவல்லிக்கேணி துளசிங்கப்பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் கடைசிக் காலத்தில் குடியிருந்த வீட்டை அரசு எடுத்துச் சீரமைத்து 1993-ல் திறந்தது. தியாகராய நகர் திருமலைப்பிள்ளை சாலையில் காமராஜர் சாகும்வரை வாழ்ந்த வீடும், ஈரோட்டில் பெரியாரின் வீடும் இப்போது நினைவு இல்லங்கள். இவர்களில் பாரதியும் காமராஜரும் வாடகைக்குத்தான் இருந்தார்கள். ஒன்பது ஆண்டு முதலமைச்சராக இருந்தவர் சென்னையில் சொந்தமாக ஒரு வீடு இல்லாமல் போனார் என்பதை, அவர் பயன்படுத்திய சாமான்களைப் பார்க்கும்போது எந்தப் பாடப்புத்தகத்தையும்விட அழுத்தமாக உணர்கிறோம். நினைவு இல்லத்தின் பலம் அதுதான்.

அதன் குறை என்ன? போகிறோம், செருப்பைக் கழற்றுகிறோம், படங்களைப் பார்க்கிறோம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறோம், திரும்புகிறோம். அந்தத் தெருவில் இன்று வாழ்கிறவர்களுக்கும் உள்ளே இருக்கும் படங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சில வேளை நினைவு இடமே மாறிவிடுகிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அவருக்கு மணிமண்டபம் 2023-ல் எழுந்தது, கிண்டி காந்தி மண்டப வளாகத்தில். மரியாதை பெரியது, ஆனால் இதழை அச்சடித்து, மடித்து, அனுப்பிய தெரு அந்த மரியாதைக்கு வெளியே நிற்கிறது.

சமூக அருங்காட்சியகம் என்ற எண்ணம் இதற்கு மறுபக்கத்திலிருந்து வந்தது. 1967-ல் வாஷிங்டனின் அனகோஸ்டியா என்ற கறுப்பினப் பகுதியில், மூடிக்கிடந்த ஒரு திரையரங்கில் ஸ்மித்சோனியன் நிறுவனம் சிறு அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தது. அதை நடத்திய ஜான் கினார்ட் அந்தப் பகுதிச் சனத்திடம் போய், உங்கள் பிரச்சினை என்ன என்று கேட்டார். எலித் தொல்லை என்றார்கள் பிள்ளைகள். 1969-ல் எலியைப் பற்றியே ஒரு கண்காட்சி வைத்தார்கள். எலி ஏன் பெருகுகிறது, குப்பை ஏன் அள்ளப்படவில்லை, வீட்டுக்காரர் ஏன் ஓட்டையை அடைக்கவில்லை என்ற கேள்விகள் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்தன.

மொன்றியலிலும் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. நகரின் தொழிலாளர் பகுதியில் 1980-ல் தொடங்கிய எக்கோமியூசே து ஃபியேர் மோண்ட் கூட்டுறவு வீடமைப்பு இயக்கத்தின் மடியில் பிறந்தது. இன்று அது இருப்பது பழைய பொதுக் குளியல் மண்டபத்தில். வீட்டில் குளியலறை இல்லாத தொழிலாளர் குடும்பங்கள் குளிக்க வந்த இடம். நீச்சல் குளத்தின் ஓடுகள் அப்படியே இருக்க, அதற்குள் அவர்களுடைய வரலாறு காட்டப்படுகிறது. தலைவர் ஒருவரின் பெயர் இல்லாமலே ஒரு வட்டாரம் தன்னைத்தானே காட்டிக்கொள்ள முடியும் என்பதற்கு அது சாட்சி.

எந்த நாளுக்குத் திருப்புவது?

ஒரு வீட்டைச் சீரமைக்க இறங்கியதும் முதலில் வரும் கேள்வி: எந்த நாளுக்குத் திருப்புவது? வீடு கட்டிய நாளா, தலைவர் வந்த நாளா, போன நாளா? சுவரில் எத்தனை பூச்சு இருக்கிறதென்று சுரண்டிப் பார்த்து, எந்தப் பூச்சு எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்கிறார்கள். பழைய படங்களையும் ரசீதுகளையும் பார்த்து மேசை, நாற்காலி, அடுப்பு வரை தேடுகிறார்கள். இப்படி ஒரு நாளைத் தெரிவுசெய்யும்போது மற்ற நாட்கள் எல்லாம் அழிகின்றன. சீரமைப்பு என்பது தெரிவுதான். எதைக் காட்டுகிறோம், எதை மறைக்கிறோம் என்ற பொறுப்பு அதில் இருக்கிறது.

அலபாமா மாநிலத்தின் மொண்ட்கொமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங் 1954 முதல் 1960 வரை வாழ்ந்த வீடு அவருடைய சொந்த வீடல்ல. அவர் ஊழியம் செய்த தேவாலயத்துக்குச் சொந்தம். பேருந்துகளில் நிறப்பாகுபாட்டை எதிர்த்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த 1956 ஜனவரி 30 இரவு முன்தாழ்வாரத்தில் குண்டு வீசினார்கள். உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். அந்த வீட்டை 2003-ல் அருங்காட்சியகமாகத் திறந்தபோது, அவர்கள் வாழ்ந்த கால வரவேற்பறையையும் சமையலறையையும் மீட்டெடுத்தார்கள். ஆனால் தாழ்வாரத்துத் தரையில் குண்டு விழுந்த பள்ளத்தைப் பூசி மறைக்கவில்லை. வருகிறவர்கள் குனிந்து அதைப் பார்க்கிறார்கள். வீட்டின் அழகு எல்லாம் சேர்ந்து சொல்லாததை அந்தச் சிறு பள்ளம் சொல்லிவிடுகிறது.

எங்களுக்கு இந்த இடத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 1981 ஜூன் 1 விடியுமுன் எரிந்தது. 97,000-க்கு மேற்பட்ட நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. பிற்பாடு அதே வடிவில், அதே வெள்ளை நிறத்தில் மீண்டும் எழுப்பினார்கள். பிள்ளைகள் வந்து படிக்க நூலகம் வேண்டும். அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் எரிந்த சுவரின் ஒரு துண்டையாவது விட்டிருக்கலாமே என்ற ஏக்கம் அங்கே போய்வந்த பலருக்குண்டு. புதிதாய் வெள்ளையடித்த சுவர், தீ மூட்டியவர்களுக்கும் ஒரு வசதியைச் செய்துகொடுக்கிறது: நடந்தது எதுவும் அங்கே தெரியவில்லை.

பெயர்ப்பலகையையும் சீரமைக்க வேண்டியிருக்கிறது. ஒன்ராறியோவின் டிரெஸ்டன் ஊரில், அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்து குடியேற்றம் ஒன்றை உருவாக்கிய ஜொசையா ஹென்சனின் வீடு நெடுங்காலம் நாவல் பாத்திரம் ஒன்றின் பெயரால் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' என்றே அழைக்கப்பட்டது. 2022-ல்தான் அதற்கு அவருடைய சொந்தப் பெயரைச் சூட்டினார்கள். வாழ்ந்த மனிதரின் பெயர் அவர் வீட்டு வாசலுக்கு வந்து சேர நூற்றாண்டுக்கும் மேல் ஆகியிருக்கிறது.

தெரு என்ன சொல்கிறது?

அம்பேத்கர் 1921–22 காலத்தில் லண்டனில் படித்தபோது கிங் ஹென்றிஸ் ரோட் 10-ம் இலக்க வீட்டில் தங்கியிருந்தார். அவரும் வாடகைக்காரர்தான். மகாராஷ்டிர அரசு 2015-ல் மூன்று மில்லியன் பவுண்டுக்குமேல் கொடுத்து அதை வாங்கியது. அவ்வாண்டு நவம்பரில் திறப்புவிழா நடந்தது. ஆனால் குடியிருப்பு வீட்டை அருங்காட்சியகமாக மாற்ற உள்ளூராட்சியின் அனுமதி வேண்டும். பக்கத்து வீட்டார் சிலர் கூட்டத்தையும் சத்தத்தையும் சொல்லி எதிர்த்தார்கள். குடியிருக்கும் இடம் ஒன்று குறைகிறது என்று சொல்லி கேம்டன் நகரசபை 2018-ல் அனுமதி மறுத்தது. மேல்முறையீடு, விசாரணை என்று நடந்து, 2020 மார்ச்சில் பிரித்தானிய அரசு அனுமதித்தது.

அந்த அனுமதி வந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். சாதியின் பெயரால் ஊருக்குள் வீடு கிடைக்காத மக்களின் தலைவருக்கு, உலகத்தின் பெருநகரில் அவர் பெயரில் ஒரு வீடு இருப்பது சின்ன விஷயமல்ல. அம்பேத்கர் பரோடாவுக்கு வேலைக்குப் போனபோது தங்க இடம் கிடைக்காமல், பார்சி விடுதியில் தம்மை மறைத்துக்கொண்டு தங்கி, கண்டுபிடிக்கப்பட்டு விரட்டப்பட்ட கதையை அறிந்தவர்களுக்கு அந்த வாசற்படியின் மதிப்புத் தெரியும்.

ஆனாலும் நகரசபை சொன்ன காரணத்தை நான் தள்ளிவிடவில்லை. குடியிருக்க ஒரு வீடு குறைகிறது என்ற வாதம் அந்த வீடு இருக்கும் வசதியான பிரிம்ரோஸ் ஹில்லில் ஒரு கனம். பார்க் எக்ஸில் அதைவிடப் பன்மடங்கு கனம். இந்தக் கேள்வியைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

வீடே இல்லாமற்போனால்

அமெரிக்க உரிமைப் போராளி ரோசா பார்க்ஸ் நாட்டின் தெற்கைவிட்டு டெட்ராய்ட் வந்தபின் சிலகாலம் தம் சகோதரர் குடும்பத்தோடு இருந்த வீடு இடிக்க வேண்டிய வீடுகளின் பட்டியலில் ஏறியது. அவருடைய உறவினர் ஒருவர் அதை 500 டொலருக்கு மீட்டார். உள்ளூரில் யாரும் ஏற்க முன்வராததால், ஓவியர் ஒருவர் 2016-ல் பலகை பலகையாகக் கழற்றிக் கப்பலேற்றி பெர்லினில் தம் வீட்டு முற்றத்தில் மீண்டும் எழுப்பினார். பலகைகள் பிழைத்தன. ஆனால் கடல் கடந்த அந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு இல்லை. கடைக்குப் போகும் வழி இல்லை. ஜன்னலைத் திறந்தால் தெரியும் டெட்ராய்ட் இல்லை.

தலைகீழான கதையும் உண்டு. மொன்றியலின் லிட்டில் பர்கண்டியில் 1927-ல் தொடங்கிய நீக்ரோ கொம்யூனிட்டி சென்டர் தலைமுறை தலைமுறையாகக் கறுப்பினப் பிள்ளைகள் பாட்டும் பியானோவும் படித்த இடம். அதிவேகச் சாலைக்கும் 'நகரப் புதுப்பிப்பு'க்கும் அந்தப் பகுதி வீடுகள் இடிக்கப்பட்டபோது குடும்பங்கள் சிதறின. மூடிக்கிடந்த மையத்தின் சுவர் 2014-ல் சரிந்தது. அவ்வாண்டே கட்டடத்தை இடித்துவிட்டார்கள். மிஞ்சியவை கடதாசிகளும் படங்களும். அவை கொங்கோர்டியா பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கட்டடம் போனபின்னும் நினைவு தங்கியதற்கு அந்தப் பெட்டிகள்தான் காரணம்.

கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியை 1966-ல் வெள்ளையருக்கு மட்டுமானது என்று அறிவித்து, 60,000-க்கு மேற்பட்டோரை வெளியேற்றி, வீடுகளைத் தரைமட்டமாக்கினார்கள். 1994-ல் அங்கே ஒரு பழைய தேவாலயத்தில் அருங்காட்சியகம் திறந்தது. தரையில் பெரிய வரைபடம் விரித்தார்கள். வெளியேற்றப்பட்டவர்கள் வந்து தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதினார்கள். வீடுகளை இடித்த வேலையாட்களில் ஒருவர் தெருப்பெயர்ப் பலகைகளைக் கடலில் கொட்டாமல் தம் வீட்டில் ஒளித்து வைத்திருந்தார். அந்தப் பலகைகள் இப்போது வரைபடத்துக்கு மேலே தொங்குகின்றன. இடித்த கையே காப்பாற்றியும் வைத்திருந்தது. ஒரு தலைவரின் வீடு இல்லை. ஒரு வீடுகூட இல்லை. என்றாலும் நான் அறிந்த சமூக அருங்காட்சியகங்களில் அதைவிட உண்மையானது குறைவு.

பணமும் பொறுப்பும்

சீரமைப்பில் கூரை, அடித்தளம், வடிகால் ஆகியவற்றுக்கே பெரும்பணம் போகும். வட கரோலினாவின் டர்ஹம் நகரில் வழக்கறிஞரும் சிந்தனையாளருமான பாலி மரே வளர்ந்த வீட்டைப் பாருங்கள். அவருடைய தாத்தா 1898-ல் கட்டியது. மேட்டிலிருந்த கல்லறைத் தோட்டத்திலிருந்து தண்ணீர் வடிந்து வடிந்து அத்திவாரத்தைத் தின்றது. ஊரார் அதை இடிக்கவிடாமல் காத்து, சுவரோவியங்கள், கலந்துரையாடல்கள் என்று பல ஆண்டுகள் வேலை செய்து, 2024 செப்டம்பரில்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அடுத்த ஆண்டே மத்திய அரசு ஒரு மானியத்தை நிறுத்தியது. ஊரார் நன்கொடையால் தாங்கிப்பிடிக்க வேண்டியிருந்தது. பாடகி நீனா சிமோன் பிறந்த மூன்றறை வீட்டை 2017-ல் நான்கு கறுப்பினக் கலைஞர்கள் 95,000 டொலருக்கு வாங்கிக் காப்பாற்றினார்கள். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு அறக்கட்டளை அதே ஆண்டில் தொடங்கிய தனி நிதியம் இப்படிப்பட்ட இடங்களுக்குக் கைகொடுக்கிறது.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இது: அரசின் பணம் வரும், போகும். வாங்கும் அன்று இருக்கும் உற்சாகம் பத்தாம் ஆண்டில் கூரை ஒழுகும்போது இருக்காது. சாவி யார் கையில், கணக்கு யார் கையில், சனிக்கிழமை காலை கதவைத் திறப்பவர் யார் என்பதை முதலிலேயே முடிவுசெய்யாத இடங்கள் பூட்டிக்கிடக்கின்றன. எங்கள் கியூபெக் மாகாணத்தில் பண்பாட்டு மரபுச் சட்டத்தின்படி ஒரு கட்டடத்தை நகரசபையே மரபுச் சின்னமாக அறிவிக்கலாம். மாகாண அமைச்சரும் அறிவிக்கலாம். அறிவித்தால் இடிப்பது கடினமாகும். உள்ளே உயிர் இருப்பதற்குச் சட்டம் உத்தரவாதம் தராது.

பார்க் எக்ஸுக்கு எது வேண்டும்?

இனி எங்கள் தெருவுக்கு வருவோம். பார்க் எக்ஸ்டென்ஷன் ஏறக்குறைய 1.6 சதுர கிலோமீட்டர். அதற்குள் முப்பதாயிரத்தை ஒட்டிய சனம். கிரேக்கர்கள் வந்து நிலைபெற்று, பின் பலர் வேறு இடம் போனார்கள். 1983-க்குப் பின் நாங்கள் வந்தோம். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். அவர்களும் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தார்கள். பஞ்சாபிகள், வங்காளிகள், ஹெயிட்டியர்கள் என்று எல்லாரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் இடம் இது. மேற்கே லகாடி பெருந்தெருவோரம், வசதியான மவுண்ட் ரோயல் நகரை எங்களிடமிருந்து பிரிக்க 1960-ல் போட்ட வேலி இன்றும் நிற்கிறது. தெற்கே பழைய ரயில் முற்றத்தில் 2019-ல் மொன்றியல் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகம் திறந்தது. அதோடு வாடகை ஏறியது. பழைய குடித்தனக்காரர்களை எழுப்பிவிட்டு, திருத்திப் புதிய விலைக்குக் கொடுப்பது வழக்கமானது. வீடு மாறும் நாளான ஜூலை முதலாந் திகதி வந்தால் யாராவது ஒரு குடும்பம் கட்டிலையும் பானைசட்டியையும் நடைபாதையில் வைத்துக்கொண்டு நிற்பதைக் காணலாம்.

வந்த புதிதில் நானும் ஒரு மூன்றரை அறை வீடு தேடி அலைந்தேன். தொலைபேசியில் "இருக்கிறது, வாருங்கள்" என்றார்கள். வாசலில் என் முகத்தைப் பார்த்ததும் "இப்போதுதான் கொடுத்துவிட்டோம்" என்றார்கள். அடுத்த வாரமும் ஜன்னலில் 'வாடகைக்கு' அட்டை தொங்கியது. 1975-ல் நிறைவேறிய கியூபெக் மனித உரிமைச் சாசனம் அதைத் தடைசெய்கிறது என்பது எனக்கு அன்று தெரியாது. சொல்ல ஒருவரும் இல்லை.

ஆகவே து காஸ்பே வீட்டில் இன்று இருப்பவர்கள் இருக்கட்டும் என்பதே என் நிலைப்பாடு. பிள்ளைகள் சாப்பிட்டு, படித்து, சண்டைபிடிக்கும் வீடாக அது தொடர்வதே அதற்கான மரியாதை. ராபின்சனுக்கு நியூயோர்க்கில் 2022-ல் தனி அருங்காட்சியகம் திறந்தாயிற்று. மொன்றியல் தர வேண்டியது இன்னொரு பேஸ்போல் மண்டபத்தை அல்ல. அந்தச் சுவரோரம் பிரெஞ்சு, ஆங்கிலத்தோடு தமிழ், பஞ்சாபி, வங்காளம், கிரேக்கம், கிரியோல் மொழிகளிலும் கதை சொல்லும் ஒரு பலகை முதலில் வேண்டும். நகர மரபுச் சின்னமாக அறிவித்தால் வீடு வெளித்தோற்றம் மாறாமல் காக்கப்படும். உள்ளே குடித்தனம் நடக்கும்.

அருங்காட்சியகம் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், பார்க் எக்ஸில் வரட்டும். சான்-ரோக் தெருவின் வில்லியம் ஹிங்ஸ்டன் மையம் போன்ற ஒரு பொதுக் கட்டடத்தில் இரண்டு அறை போதும். வீடு தேடியவர்களின் அருங்காட்சியகம் என்று அதற்குப் பெயர் வைக்கலாம். ஒரு சுவரில் ரேச்சலின் தேநீர். எதிர்ச்சுவரில் கிறிஸ்டிக்கு மறுத்த பீர். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸைப்போல் தரையில் எங்கள் தெருக்களின் வரைபடம்: சாம்பனியர், பிர்னாம், ஸ்டூவர்ட் என்று. எந்த ஆண்டு எந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தோம் என்று ஒவ்வொருவரும் எழுதட்டும். ஒரு பெட்டியில் பழைய சாவிகள். இன்னொன்றில் பங்கீட்டுக் கூப்பன். அதன் பக்கத்தில் எங்கள் சீட்டுக் கணக்குக் கொப்பி. முதல் மாத வாடகையையும் முன்பணத்தையும் எங்களில் பலர் கட்டியது சீட்டுப் பணத்தில்தானே.

நடுவில் ஒரு மேசை. அதன்மேல் கியூபெக்கின் வாடகை ஒப்பந்தப் படிவம். அதன் 'ஜி' பிரிவில், முந்திய பன்னிரண்டு மாதத்தில் அந்த வீட்டுக்கு வாங்கிய மிகக் குறைந்த வாடகை எவ்வளவு என்று வீட்டுக்காரர் எழுதவேண்டும். பலர் எழுதுவதில்லை, பல குடித்தனக்காரருக்கு அப்படியொரு பிரிவு இருப்பதே தெரியாது. அனகோஸ்டியாவில் எலியைக் காட்டினார்கள். நாங்கள் அந்த ஒற்றைப் பெட்டியைக் காட்டுவோம். பார்க் எக்ஸ் குடியிருப்போர் குழு போன்ற அமைப்புகளின் ஆள் ஒருவர் வாரத்தில் இரண்டு மாலை அந்த மேசையில் இருந்து, ஒப்பந்தத்தை வாசித்து விளங்கப்படுத்தட்டும். வரலாற்றைப் பார்க்க வந்தவர் உதவியோடு திரும்புவார். உதவிக்கு வந்தவர் வரலாற்றைக் கண்டு திரும்புவார். சாவி வட்டாரத்தாரின் கையில் இருக்கவேண்டும். நிர்வாகக் குழுவில் பாதிப்பேராவது வாடகைக்கு இருப்பவர்களாக இருக்கவேண்டும்.

து காஸ்பேயில் அன்று நடந்தது மிக எளிய காரியம். ஒரு பெண் கதவைத் திறந்தார், வந்தவரை உட்காரச் சொன்னார், தேத்தண்ணி ஊற்றினார், வாடகை பேசினார். அதற்காக எந்தச் சட்டமும் அன்று அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. இன்று சட்டம் இருக்கிறது. அந்த மேசையில் ஒரு கேத்திலும் நாலைந்து கோப்பைகளும் வைத்திருப்போம். ஒப்பந்தத்தோடு வருகிறவருக்கு முதலில் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, பிறகு 'ஜி' பிரிவைத் திறப்போம்.